தக்காளியின் மேல் போட்ட பழி

சிறுநீரகத்தில் கல் இருக்கிறது என்று வைத்தியர் சொல்லிவிட்டால், நம் வீடுகளில் முதலில் தண்டனை பெறுவது தக்காளி. அதற்கு அடுத்தபடியாகப் பாலும் தயிரும் கத்தரிக்காயும், விதையுள்ள இன்னும் சில காய்களும் சமையலறையை விட்டு வெளியேறுகின்றன. அன்று முதல் அந்த வீட்டில் இரசம் வைக்கிறவர் படும் சங்கடம் சொல்லத் தரமன்று. விதை கல்லைப் போல் இருக்கிறது, ஆகவே விதைதான் உள்ளே போய்க் கல்லாகிறது என்னும் அநுமானத்துக்கு இரசாயன சாஸ்திரத்தில் யாதோர் ஆதாரமும் இல்லை. நூறு கிராம் தக்காளியில் உள்ள ஆக்ஸலேட் பத்து மில்லிகிராமை ஒட்டியே நிற்க, ஒருவரும் சந்தேகிக்காத பாலக் கீரையிலும் முளைக்கீரையிலும் அதே எடையில் அது பல நூறு மில்லிகிராமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால், தக்காளியை விலக்கியவர் கையோடு கீரையையும் விலக்கிவிட்டு, பட்டியல் நீண்டதே என்று திருப்தி அடைந்துவிடுவார். ஆகையால் இந்த விஷயத்தை உணவுப் பட்டியலின் பக்கமிருந்து தொடங்காமல், சிறுநீரின் பக்கமிருந்து தொடங்க விரும்புகிறேன்.

கல் உள்ளவருடைய சிறுநீரில் மட்டுமன்றி, வாழ்நாளெல்லாம் கல்லையே அறியாதவருடைய சிறுநீரிலும், கால்சியமும் ஆக்ஸலேட்டும் தண்ணீரில் சேர்ந்து கரைந்து நிற்கக்கூடிய அளவைக் கடந்தே பெரும்பாலான நேரங்களில் இருக்கின்றன. அதே அளவு கால்சியத்தையும் ஆக்ஸலேட்டையும் வெறும் தண்ணீரில் சேர்த்து வைத்தால், அவை ஒன்றோடொன்று கூடி வெண்மையான நுண்பொடியாக அடியில் இறங்கத் தொடங்கும். சிறுநீரிலோ அவை அவ்வாறு எளிதில் இறங்காமல், தாங்கக்கூடியதற்கு மேற்பட்ட நிறைவோடு கரைந்தபடியே வெளியேறிப் போகின்றன. கால்சியம் ஆக்ஸலேட்டே சிறுநீரகக் கற்களில் நான்கில் மூன்று பங்குக்குப் பிரதானமான பதார்த்தம் என்பதை இதனோடு சேர்த்து நோக்கும்போது, சிலருக்கு ஏன் கல் வருகிறது என்னும் கேள்வி பின்னுக்குப் போய், மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்னும் கேள்வி முன்னுக்கு வருகிறது. கல்லைப் பற்றிய நம் பேச்சும் வைத்தியமும் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டன என்பதுதான் என் புகார்.

சுசுருதர் பழங்காலத்திலேயே அசுமரி எனப்படும் கல்லடைப்பை நான்கு வகையாகப் பிரித்து, அதை அறுத்தெடுக்கும் சத்திர சிகிச்சையையும் விவரித்தவர். புதுப் பானையில் வார்த்த தெளிந்த நீரிலும் நாள் செல்லச் செல்ல வண்டல் படிவதைப்போல மூத்திரத்திலும் கல் உண்டாகிறது என்று அவர் கருதினார். கரைந்திருப்பது காலத்தினால் கெட்டிப்படும் என்னும் பாதி உண்மையை அவர் கண்டுவிட்டார். பானை நீரில் இல்லாத ஒன்று மூத்திரத்தில் இருக்கிறது என்னும் மற்றப் பாதி, மேல்நாட்டு விஞ்ஞானிகளுக்கே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தெளிவாகவில்லை.

1969ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராபர்ட்ஸன், பீக்காக், நார்டின் என்னும் மூவர், திரும்பத் திரும்பக் கல் வருகிறவர்களின் சிறுநீரையும் கல் வராதவர்களின் சிறுநீரையும், உடலின் உஷ்ணம் ஆறுவதற்குள் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். இரு சாராரிடத்திலும் ஸ்படிகங்கள் இருந்தன. ஆரோக்கியமானவர்களின் ஸ்படிகங்கள் மூன்று நான்கு மைக்ரான் அளவில் தனித்தனியாக இருக்க, கல்லுடையவர்களின் ஸ்படிகங்கள் பத்துப் பன்னிரண்டு மைக்ரான் அளவுக்கு வளர்ந்தும், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகத் திரண்டும் கிடந்தன. ஆகவே ஸ்படிகம் பிறப்பது நோயன்று. அது நாம் எல்லோரும் அன்றாடம் அறியாமலே கழித்துவிடுகிற ஒன்று. பிறந்தது வளர்வதும், வளர்ந்தது ஒட்டித் திரள்வதும், திரண்டது எங்கேயாவது பற்றிக்கொள்வதுமே நோய்.

இந்தப் பற்றிக்கொள்ளுதல் அற்பமான காரியமன்று. சிறுநீரகத்தின் நுண்குழல்களைச் சிறுநீர் சில நிமிஷங்களில் கடந்துவிடுகிறது. அந்தச் சொற்ப நேரத்தில் ஒரு தனி ஸ்படிகம் குழலை அடைக்கும் பருமனுக்கு வளர்வது அசாத்தியம் என்று 1978இல் ஃபின்லேசனும் ரீடும் கணக்கிட்டுக் காட்டினார்கள். பல ஸ்படிகங்கள் ஒன்று கூடினால் சாத்தியமே என்று பிற்காலத்தவர் திருத்தினார்கள். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், பிலடெல்பியாவில் அலெக்ஸாண்டர் ராண்டால் என்னும் சத்திர வைத்தியர், இறந்தவர்களின் சிறுநீரகங்களை நூற்றுக்கணக்கில் பரிசோதித்து, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில் சிறுநீரகக் காம்பின் நுனியில் கால்சியம் பாஸ்பேட் திட்டுக்கள் படிந்திருப்பதையும், சிலவற்றில் அந்தத் திட்டின்மேலேயே சிறு கல் ஒட்டிக்கொண்டிருப்பதையும் கண்டிருந்தார். மேலே ஓடுகிற சிறுநீரில் கால்சியம் ஆக்ஸலேட்டைத் தடுத்து நிறுத்தும் சக்தி குறைந்துபோனால், அத்திட்டு ஒரு பற்றுக்கோடாகிவிடுகிறது.

அந்தத் தடுக்கும் சக்தி எது என்றால், அது ஒரே வஸ்து அன்று. அவற்றில் எளிதானதும், நாம் உண்ணும் உணவினால் கூட்டவும் குறைக்கவும் இயல்வதும் சிட்ரேட். எலுமிச்சையிலும் நாரத்தையிலும் சாத்துக்குடியிலும் புளிப்பாக இருக்கிற அதே அமிலத்தின் உப்புதான் அது. சிட்ரேட் இரண்டு விதமாக வேலை செய்கிறது. சிறுநீரில் உள்ள கால்சியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, ஆக்ஸலேட் அதைத் தீண்டமுடியாதபடி கரைந்த நிலையிலேயே வைத்துக்கொள்கிறது; அதற்குத் தப்பி ஒரு ஸ்படிகம் பிறந்துவிட்டால், அது வளர்கிற விளிம்பில் தானே போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த அடுக்கு ஏறாமல் தடுக்கிறது. நாள் ஒன்றுக்கு 320 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சிட்ரேட் கழிவதை வைத்தியர்கள் ஒரு குறைபாடாகவே கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட குறைபாடுடையவர்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து மூன்றாண்டுகள் கவனித்த ஒரு சோதனையின் முடிவு 1993இல் வெளியாயிற்று. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்குப் புதிய கல் தோன்றவில்லை. வெறும் மாத்திரை உண்டவர்களில் அந்தப் பாக்கியம் பெற்றவர்கள் நூற்றுக்கு 20 பேர்.

மற்றவை இன்னும் விசித்திரமானவை. நம் எலும்புக்குள் சுண்ணாம்பு படிவதை ஒழுங்குபடுத்துகிற ஆஸ்டியோபான்டின் என்னும் புரதமே, சிறுநீரகத்திலும் சுரந்து சிறுநீரில் கலந்து ஸ்படிகத்தின் வளர்ச்சியை அடக்குகிறது. ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்னும் சுவிட்ஸர்லாந்து விஞ்ஞானி, சிறுநீரில் பைரோபாஸ்பேட் என்னும் ஒரு தடுப்புப் பொருள் இருப்பதை 1960களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். வயிற்றில் சிதையாத அதன் மாற்றுருவைத் தேடிப் போன அவருடைய முயற்சியிலிருந்துதான், இன்று எலும்புத் தேய்வுக்காக முதிய பெண்மணிகள் வாரம் ஒரு முறை விழுங்குகிற மாத்திரைகள் பிறந்தன. 1950இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் டாம், ஹார்ஸ்பால் என்னும் இருவர் இன்ஃப்ளுயென்ஸா வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தபோது சிறுநீரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். கல்லைப் பற்றிய சிந்தனை அவர்களுக்குச் சிறிதும் கிடையாது. அதே புரதம், ஸ்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாதபடி பிரித்து வைப்பதில் முக்கியமானது என்று பிற்காலத்தில் தெரியவந்தது. அதை உண்டாக்கும் மரபணுவை நீக்கிய எலிகளின் சிறுநீரகங்களில் கால்சிய ஸ்படிகங்கள் தாமாகவே படிந்தன.

இந்தப் புரதத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். என் வாதத்துக்கு அதுவே மையம். சிறுநீர் நீர்த்தும், அமிலம் மிகாமலும் இருக்கும்வரையில் இது தடுப்பானாக இருக்கிறது. சிறுநீரில் உப்பு மிகுந்து, அமிலமும் மிகுந்து, நீர் வற்றிச் சுண்டும்போதோ, இந்தப் புரதமே தன்னோடு தான் பின்னிக்கொண்டு பிசினாகி, பிரித்து வைக்கவேண்டிய ஸ்படிகங்களைத் தானே சேர்த்துக் கட்டுகிறது. ஆகவே நல்ல வஸ்து, தீய வஸ்து என்று இரண்டு பட்டியல் எழுதிச் சுவரில் மாட்டிவிட இயலாது. எந்தச் சூழலில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம்.

தடுப்பானைத் தேடும் முயற்சி நம் அண்டை அயலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் மீன் குழம்புக்குச் சேர்க்கிற குடம்புளியின் பிரதான அமிலம் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் என்று 1965இல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும் எழுதினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ரைமரும் அவருடைய சகாக்களும், அந்த அமிலத்தின் உப்பு, கால்சியம் ஆக்ஸலேட் ஸ்படிகத்தின் வளர்ச்சியை நிறுத்துவதோடு நில்லாமல், சில நிலைமைகளில் ஸ்படிகத்தையே கரையச் செய்கிறது என்று காட்டினார்கள். இதைப் படித்த மாத்திரத்தில் குடம்புளி மாத்திரை வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆய்வுக்கூடத்தில் ஸ்படிகம் கரைந்ததற்கும் மனிதனுக்குக் கல் வராமல் நின்றதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது, உடல் இளைப்பதற்கென்று விற்கப்படும் குடம்புளிச் சத்து மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. குழம்பில் போடுகிற இரண்டு துண்டு வேறு, குப்பியில் அடைத்த சாரம் வேறு. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பிலிம்பிக் காயைச் சாறாகப் பிழிந்து குடித்தவர்களின் சிறுநீரகம், அதிலிருந்த ஆக்ஸலேட்டினால் ஒரேயடியாகச் செயலிழந்த செய்தியைக் கேரள வைத்தியர்கள் 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். இயற்கைப் பொருள்தானே என்னும் சமாதானம் ஸ்படிகத்துக்குத் தெரியாது.

பாலுக்கு வருவோம். கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலிலும் கால்சியம் இருக்கிறது, ஆகவே பாலை நிறுத்து என்னும் தருக்கம் தக்காளி தருக்கத்தைப் போல முற்றிலும் பாமரமானதன்று. வைத்தியர்களே நெடுங்காலம் அதை நம்பினார்கள். ஆயினும் அதற்கு மாறான ஒரு சாட்சி நம் நீலகிரியிலேயே கிடைத்தது. குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன், மாவுப் பண்டமே மிகுந்த, சத்துக் குறைந்த உணவை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் மூத்திரப்பையில் கல் விளைவித்தார். பால் சேர்த்தால் அந்தக் கல் தடைப்படுவதையும் கண்டு, இந்தியாவில் கல் உண்டாகும் காரணத்தைப் பற்றி 1931இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் விரிவாக எழுதினார். அவர் ஆராய்ந்தது ஏழைக் குழந்தைகளின் மூத்திரப்பைக் கல். இன்று நாம் காண்பது பெரும்பாலும் வளர்ந்தவர்களின் சிறுநீரகக் கல். இரண்டும் ஒன்றல்ல என்பதையும், அவர் உயிர்ச்சத்து 'ஏ'யின் குறைவுக்குக் கொடுத்த முக்கியத்துவத்தைப் பின்வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனாலும் பால் கல்லுக்குப் பகையே தவிர உறவன்று என்று குன்னூரில் தோன்றிய ஐயம் வீண்போகவில்லை. 1993இல் ஹார்வர்டைச் சேர்ந்த கர்ஹனும் அவருடைய சகாக்களும், 45,000க்கும் மேற்பட்ட ஆண்களை நான்காண்டுகள் கவனித்து, உணவில் கால்சியம் மிகுதியாகக் கொண்டவர்களுக்குக் கல் வரும் அபாயம், மிகக் குறைவாகக் கொண்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கண்டார்கள்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. உணவோடு செல்லும் கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுகிறது. பிடிப்பதற்குக் கால்சியம் இல்லாதபோது ஆக்ஸலேட் தனியாக இரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வந்து சேர்கிறது. கீரை மசியலும் பருப்பும் உண்டு, முடிவில் தயிர்ச் சோற்றோடோ மோரோடோ எழுந்திருக்கிற நம் வழக்கம், இந்த இரசாயனத்தை அறியாமலே அதற்கு இணங்க அமைந்துவிட்டது. அந்தத் தயிரைத்தான் நாம் முதல் வேலையாக நிறுத்துகிறோம். உணவில்லாத நேரத்தில் தனியே விழுங்குகிற கால்சிய மாத்திரைக்கு இந்தச் சலுகை கிடையாது. சளி பிடிக்காதிருக்க என்று நாள்தோறும் ஒரு கிராம் வைட்டமின் 'சி' மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஆக்ஸலேட்டாக மாறுகிறது என்று யாராவது சொல்லிவைப்பது நல்லது.

பாலை நிறுத்தச் சொல்லும் வீட்டில் உப்பை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றும்போது கால்சியத்தையும் கூடவே வெளியேற்றுகிறது. நாளில் ஆறு கிராம் உப்புக் கூடினால் சிறுநீரில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் கால்சியம் கூடுகிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மோர் மிளகாயும், இப்போது அவற்றோடு பொட்டலத்தில் அடைத்த வறுவல்களும் சேர்ந்த நம் உணவில், உலகச் சுகாதார நிறுவனம் விதித்த ஐந்து கிராம் எல்லை காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் முடிவதற்குள்ளேயே தாண்டப்பட்டுவிடுகிறது. வெயிலில் வந்தவர் எலுமிச்சைச் சாற்றை நம்பிக் கடையில் உப்புச் சோடா குடிக்கும்போது, ஒரு கையால் சிட்ரேட்டையும் மறு கையால் கால்சியத்தையும் சிறுநீருக்கு அனுப்புகிறார். மாமிசமும் அப்படியே. அதிலுள்ள கந்தகச் சத்து உடலில் அமிலமாகிறது. அந்த அமிலத்தை ஈடுகட்டுவதற்காகச் சிறுநீரகம், வெளியே விடவேண்டிய சிட்ரேட்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இத்தாலியின் பார்மா நகரில் போர்கி என்பவரும் அவருடைய சகாக்களும், கால்சியம் ஆக்ஸலேட் கல் மீண்டும் மீண்டும் வந்த 120 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாலைக் குறைத்த பழைய பத்தியத்தையும், மறு பிரிவுக்குப் பாலை வழக்கம்போல் விட்டு உப்பையும் மாமிசத்தையும் குறைத்த பத்தியத்தையும் கொடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் முதற்பிரிவின் 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பி வந்தது. இரண்டாம் பிரிவில் 12 பேருக்கு மட்டுமே வந்தது. இந்த முடிவு 2002இல் அச்சேறியது. நம் ஊரில் அது இன்னும் சமையலறை வரையில் வந்து சேரவில்லை.

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளை, நெருஞ்சில் ஆகியவற்றைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்பவர்கள் உண்டு. வாழைத்தண்டுச் சாறு எலிகளின் சிறுநீரில் ஆக்ஸலேட்டைக் குறைத்ததாகச் சோதனைகள் கூறுகின்றன. மனிதரில் பெரிய அளவில், முறையாக, பல ஆண்டுகள் கவனித்து இது நிரூபிக்கப்பட்டால் மகிழ்ச்சியடைகிறவர்களில் நானும் ஒருவன். அதுவரையில், காலையில் ஒரு டம்ளர் தண்டுச் சாறு குடிப்பவர் அதன் பயனாக ஒரு டம்ளர் நீரையாவது கூடுதலாகக் குடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி, என் புகாரின் கசப்பான பகுதி. கல் என்னும் பெயர் ஒன்றுதான், பொருள் பல. ஷீலே என்னும் ஸ்வீடன் தேசத்து இரசாயனி 1776இல் மூத்திரப்பைக் கல் ஒன்றைக் கரைத்துத்தான் யூரிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் வோலாஸ்டன் 1797இல் கற்கள் பல வேறு பதார்த்தங்களால் ஆனவை என்று விளக்கி, 1810இல் சிஸ்டின் என்னும் இன்னொரு வகையையும் அறிவித்தார். யூரிக் அமிலக் கல், சிறுநீரின் பி.ஹெச். எண் ஐந்தரைக்குக் கீழே இறங்கி அமிலம் மிகுந்திருக்கும்போது விளைவது. காரம் கொடுத்து அந்த எண்ணை உயர்த்தினால், கத்தியும் கருவியும் இல்லாமல் உள்ளேயே கரைந்துவிடக்கூடியது. கால்சியம் பாஸ்பேட் கல் அதற்கு நேர்மாறானது. காரம் மிகுந்தால் அது வளரும். யூரியாவைச் சிதைக்கும் கிருமிகளால் உண்டாகும் மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் கல்லோ, கிருமியை ஒழித்துக் கல்லை முழுவதும் எடுத்தாலொழியத் தீராது. ஒருவருக்கு மருந்தானது மற்றவருக்கு உரமாகும் இந்த நிலையில், என்ன கல் என்றே தெரியாமல், எரிச்சல் என்றதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கிற காரச் சிரப்பையும், எல்லாக் கல்லுக்கும் பொதுவாக அச்சடித்துக் கொடுக்கிற பத்தியத் தாளையும் வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

1980இல் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கல்லை உடலைக் கீறாமல் அதிர்வலையால் பொடித்தது மகத்தான சாதனை. அதையும் அதன்பின் வந்த லேசர் முறைகளையும் குறை சொல்வது என் நோக்கமன்று. கல் வலியில் துடித்தவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார். ஆனால் கல்லை உடைப்பதால் சிறுநீரின் குணம் மாறுவதில்லை; முதற்கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் அது மறுபடியும் வருகிறது. எடுத்த கல்லை அகச்சிவப்புக் கதிரால் பரிசோதித்து அது இன்னது என்று சொல்வதும், ஒரு நாள் முழுவதும் கழிந்த சிறுநீரைச் சேர்த்து அதில் கால்சியம், ஆக்ஸலேட், சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம் ஆகியவை எவ்வளவு என்று அளப்பதும், புதுமையான காரியங்கள் அல்ல. கல்லை எடுக்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே அவற்றுக்குப் போதும். இருந்தும் எத்தனையோ இடங்களில், எடுத்த கல் ஒன்று குப்பைக்குப் போகிறது, அல்லது நோயாளிக்கு ஞாபகார்த்தமாக ஒரு சிறு டப்பியில் போட்டுக் கொடுக்கப்படுகிறது. வோலாஸ்டன் காலத்து வைத்தியன் கையில் கிடைத்த கல்லைச் சோதிக்காமல் விடமாட்டான்.

ஆகவே என் கோரிக்கை இது. கல்லை எடுப்பதற்குப் பணம் கொடுக்கிற காப்பீட்டுத் திட்டம், அரசாங்கத்தினுடையதோ தனியாருடையதோ எதுவாயினும், எடுத்த கல்லைப் பரிசோதித்த முடிவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பணம் என்று விதிக்கவேண்டும். இரண்டாம் முறை கல் வந்தவர்களுக்கும், குழந்தைகளுக்கும், ஒற்றைச் சிறுநீரகம் உடையவர்களுக்கும் இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலேயே நடைபெற வேண்டும். நாள் முழுவதும் சிறுநீரைக் கேனில் பிடித்து வைப்பது அசௌகரியமானது, கூச்சம் தருவது, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிரமம் என்னும் ஆட்சேபம் நியாயமானதே. ஞாயிற்றுக்கிழமை பிடித்துத் திங்கட்கிழமை கொடுக்கலாம்.

எல்லாத் தடுப்பான்களுக்கும் முந்தியது தண்ணீர் என்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதற்கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து அதே போர்கி 1996இல் வெளியிட்ட கணக்கில், நாளில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 27 பேருக்கும் கல் திரும்ப வந்தது. கழியவேண்டியது இரண்டரை லிட்டர் என்று இப்போது சொல்கிறார்கள். வியர்த்துக் கொட்டுகிற நம் சீதோஷ்ணத்தில், இருதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ இல்லாதவர், அதற்கு மூன்று லிட்டருக்கு மேல் குடிக்கவேண்டியிருக்கும். சொல்வது எளிது. ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் புடவை விரித்துக் காட்டுகிற பெண்ணும், பந்தோபஸ்துக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற பெண் போலீஸும், கட்டட வேலையில் சித்தாளாக இருக்கிறவளும் தண்ணீர் குடிக்காதிருப்பது அறியாமையினால் அன்று. குடித்தால் போவதற்கு இடம் இல்லை, இடம் இருந்தால் போவதற்கு அனுமதி இல்லை. இவர்கள் கையில் தண்ணீர் அதிகம் குடிக்கவும் என்று அச்சடித்த தாளைக் கொடுத்தனுப்புவது, வைத்தியர் அறியாமலே செய்கிற ஒரு பரிகாசம். 2021இல் நம் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று விதித்தது பாராட்டத்தக்கது. அந்த இருக்கைகளை எண்ணிப் பார்க்க வருகிற தொழிலாளர் துறை ஆய்வாளர், கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது, அதற்கு நாளில் எத்தனை முறை போகலாம், போவதற்கு யாரைக் கேட்கவேண்டும் என்பவற்றையும், மேலாளர் பக்கத்தில் இல்லாத வேளையில், அங்கே வேலை செய்கிற பெண்களிடமே கேட்டுத் தம் அறிக்கையில் எழுதட்டும்.